ஆசிரியருக்குக் கடிதம்: மேலே மினுக்கு, உள்ளே பிளாஸ்டிக் கிளட்ச்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறப்பையொட்டிப் பெற்றோருக்கு ஆகும் செலவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். எழுதுபொருள்களைப் பற்றிய பகுதியில், மெக்கானிக்கல் பென்சில் வாங்கிக் கொடுப்பது வீண் செலவு என்றும், ஒரு மாதம்கூட உழைக்காத அந்தப் பொருளை விட்டுவிட்டுச் சீவி எழுதும் மரப் பென்சிலையே பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒரு மாதம்கூட உழைப்பதில்லை என்பது, இன்று கடைகளில் அட்டையில் குத்தித் தொங்கவிடப்படும் பென்சில்களில் பலவற்றைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அதுவே அந்தப் பொருளின் இயல்பு என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மேசையில் இருக்கும் ஒன்று 1992-ஆம் ஆண்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு என்ன என்பதை எழுதினால் பெற்றோருக்குப் பயன்படும் என்று எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்துவிட்டு, திருச்சியில் கட்டடப் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் பிள்ளைகள் மைக்ரோ டிப் என்றும் கடைக்காரர்கள் லெட் பென்சில் என்றும் சொல்லும் இந்தப் பொருளை நாங்கள் அலுவலகத்தில் கிளட்ச் பென்சில் என்போம். கண்டிப்பாகப் பார்த்தால், 2 மில்லிமீட்டர் கனத்த லெட்டை, அதாவது எழுதும் கரிக்குச்சியை, வாய் திறந்து விழவைத்துப் பிடிக்கும் பழைய வகைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். பிறகு வந்த 0.5 மில்லிமீட்டர் வகையையும் பழக்கத்தில் அப்படியே அழைத்தோம். பெயர் தவறானாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தப் பொருளின் ஆயுள் முழுவதும், லெட்டை உள்ளே கவ்விப் பிடிக்கும் கிளட்ச் என்ற அந்தச் சிறு உறுப்பைத்தான் நம்பியிருக்கிறது.

சென்ற ஜூன் மாதம் முதல் டிசம்பர் வரை ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி மூன்று பென்சில்களை முடித்துவிட்டாள். "தாத்தா, அமுக்கினால் வெளியே வருகிறது, எழுதினால் உள்ளே போய்விடுகிறது" என்று அவள் கொண்டுவந்து கொடுத்த மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதலாவதில் மூக்குப் பகுதி உடலோடு திருகப்படும் மரையை ஒட்டி, தலைமுடி போன்ற ஒரு விரிசல் சுற்றிவர ஓடியிருந்தது. இரண்டாவதில் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் குழாய் ஒரு பக்கமாக வளைந்து, உள்ளே ஒரு துண்டு லெட் சிக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது பார்ப்பதற்குப் புதியதைப்போலவே இருந்தது. உடலெங்கும் வெள்ளி நிற மினுக்கு, பிடியில் சொரசொரப்பு, சட்டைப்பையில் மாட்டும் கிளிப். அதன் கிளட்சை வெளியே இழுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த அதன் இதழ்களின் உட்புறம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கறுப்புத் தூள் அப்பிய அந்த வாயில் ஒரு லெட்டை வைத்து விரலால் தள்ளினால், எந்தத் தடையும் இல்லாமல் பின்னுக்குப் போனது.

இதை விளங்கிக்கொள்ளக் கிளட்ச் வேலை செய்யும் விதத்தைச் சற்றே சொல்ல வேண்டும். பெரும்பாலும் மூன்று இதழ்களாகப் பிளந்த ஒரு சிறு குழல்தான் கிளட்ச். அதன் வெளிப்புறம் முன்பக்கமாகச் சற்றே பருத்திருக்கும். அந்த இதழ்களை இறுக்கிப் பிடித்தபடி ஒரு வளையம் சுற்றிலும் உட்கார்ந்திருக்கும். தலையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் குழல், வளையம், லெட் மூன்றும் சேர்ந்து முன்னே நகரும். கொஞ்ச தூரம் போனதும் வளையம் மூக்கின் உள்விளிம்பில் முட்டி நின்றுவிட, இதழ்கள் மட்டும் அதைத் தாண்டி வெளியே வந்து மலர்ந்து லெட்டை விட்டுவிடும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் குழலைப் பின்னுக்கு இழுக்கும். அப்போது லெட்டும் கூடவே போய்விடாமல் முனைக்கு அருகில் உள்ள ஒரு சிறு ரப்பர் வளையம் அதைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒரு அமுக்குக்கு அரை மில்லிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ லெட் வெளியே வருகிறது. இதில் நான் இன்றும் வியப்பது ஒன்று உண்டு. நாம் எழுதும்போது லெட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறோம் அல்லவா, அந்தத் தள்ளல் இதழ்களை வளையத்துக்குள் இன்னும் உள்ளே இழுத்து இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வைக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் அவ்வளவுக்குப் பிடி கூடும். ஆனால் இதழ்களின் உட்புறம் லெட்டைக் கவ்வும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும்.

பித்தளையில் கடைந்து செய்த கிளட்ச் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடினாலும் அந்தக் கூர்மையை எளிதில் இழப்பதில்லை. பிளாஸ்டிக் கிளட்சுக்கு இரண்டு பக்கமும் இடி. லெட் உரசி உரசி உட்புறம் தேய்வது ஒன்று. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வளையத்தின் நெருக்கத்திலேயே எப்போதும் இருப்பதால் இதழ்கள் மெல்ல மெல்ல அந்த வடிவத்துக்கே பழகி, மலரும் திறனை இழப்பது இன்னொன்று. நீண்ட நாள் நெருக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் திரும்பி வராது என்பதைத் துணிக் கிளிப்புகளைக் கொடியில் மாட்டியே வைத்திருக்கும் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

ஆகவே உலோக உடல் என்றால் உறுதி, பிளாஸ்டிக் உடல் என்றால் மட்டம் என்று பெற்றோர் நினைப்பது தவறு. இதற்கு எங்கள் அலுவலகத்தில் இருந்த இரண்டு பென்சில்களையே சான்றாகச் சொல்வேன். 1992-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது ரோட்ரிங் 600. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த அந்த நிறுவனம் 1989-இல் வெளியிட்ட வகை அது. இன்றும் விற்பனையில் இருக்கிறது, இப்போது செய்யப்படுவது ஜப்பானில். ஆறுபட்டைப் பித்தளை உடலின்மேல் கறுப்புப் பூச்சு. விளிம்புகளில் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. கையில் எடுத்தால் இருபது கிராமுக்கு மேல் கனக்கும். அதே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வைத்திருந்தது ஜப்பானின் பென்டெல் நிறுவனத்தின் பி205. 1970-களிலிருந்து வடிவம் அதிகம் மாறாமல் விற்பனையாகும் வகை. உடல் முழுக்கப் பிளாஸ்டிக்; எடை பத்து கிராமுக்குள். இரண்டில் எது அதிகம் உழைத்தது என்று கேட்டால், சங்கடத்தோடு பி205 என்றுதான் சொல்ல வேண்டும். என்னுடையது ஒரு முறை மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. மூக்கு முதலில் தரையில் மோதியதால், அந்தக் கனத்துக்கு முனைக்குழாய் வளைந்துவிட்டது. தையல் ஊசியை உள்ளே விட்டு, குறடால் நிமிர்த்தி, மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்து அதைச் சரிசெய்தேன். நண்பரின் பென்சிலோ வாரத்துக்கு ஒரு முறை விழும். எடையில்லாததால் எழுந்து அடுத்த கோட்டைப் போடும். இரண்டிலும் கிளட்ச் பித்தளை. இரண்டிலும் மூக்கைக் கழற்றினால் மரை சுத்தமாக வரும், திருப்பிப் போட்டால் ஆட்டம் இல்லாமல் உட்காரும். நீடித்து உழைத்ததற்குக் காரணம் அதுதான். உடலின் பளபளப்பும் கனமும் அல்ல.

முனைக்குழாயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரைவாளரின் பென்சிலில் அது 4 மில்லிமீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பது அழகுக்காக அல்ல. ஸ்கேல், செட் ஸ்கொயர் ஆகியவற்றின் கனத்தைத் தாண்டிக் குழாய் கீழே இறங்கி விளிம்பை ஒட்டி ஓட வேண்டும், முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அதற்கு விலையாகத்தான் விழுந்தால் வளையும் ஆபத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். கணக்கு நோட்டில் வகுத்தல் போடும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நீளக் குழாய் எதற்கு? பார்வைக்குத் தொழில்முறைப் பென்சில்போல இருக்க வேண்டும் என்று அதன் மூக்கை மட்டும் நகல் எடுத்து, அதன் கிளட்சை நகல் எடுக்காமல் விட்டதன் விளைவைத்தான் என் பேத்தியின் இரண்டாவது பென்சிலில் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வேண்டியது முனை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையோ, எழுத எழுதக் குழாயே பின்வாங்கி லெட்டைக் காக்கும் வகையோதான். பென்டெல் நிறுவனம் 2014-இல் ஓரன்ஸ் என்ற பெயரில் 0.2 மில்லிமீட்டர் லெட்டைக்கூட உடையாமல் எழுத வைத்தது இந்தப் பின்வாங்கும் குழாயை வைத்துத்தான். மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த குரு டோகாவில், ஒவ்வொரு முறை தாளைத் தொட்டு எடுக்கும்போதும் லெட்டைச் சிறிது சுழற்றும் பல்சக்கரம் இருக்கிறது. அருமையான யோசனை, ஆனாலும் உறுப்புகள் கூடக் கூடக் கெடுவதற்கான இடமும் கூடும் என்ற பழைய வரைவாளரின் சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

லெட்டின் பங்கையும் விட்டுவிட முடியாது. 0.5 என்று எழுதியிருக்கும் லெட்டின் உண்மையான விட்டம் சுமார் 0.56 மில்லிமீட்டர். இந்த அளவுகளுக்கும் லெட் எவ்வளவு வளைவைத் தாங்க வேண்டும் என்பதற்கும் ஐ.எஸ்.ஓ. 9177 என்ற சர்வதேசத் தரநிர்ணயமே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு பருத்துவிட்டாலும் லெட் குழாயில் சிக்கும். இளைத்துவிட்டால் ரப்பர் வளையம் பிடிக்காமல் நழுவும். இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க வாங்கிய லெட் டப்பாவால் நல்ல பென்சிலுக்குக் கெட்ட பெயர் வந்ததை அலுவலகத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். இதோடு, 60 மில்லிமீட்டர் லெட்டின் கடைசி ஒரு சென்டிமீட்டர் சொச்சம் கிளட்சைத் தாண்டி முன்னே போய்விடுவதால் அதைப் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்தத் துண்டு சுழன்று நழுவும்போது பென்சில் கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் நினைத்து, முனையைக் கடித்தும் இழுத்தும் உண்மையிலேயே கெடுத்துவிடுகிறார்கள். டப்பாவில் இருக்கும் பத்து லெட்டையும் ஒரே நேரத்தில் உள்ளே திணிப்பதும் அப்படித்தான். இரண்டு மூன்று போதும், மீதி நெருக்கியடித்து வாயை அடைக்கும்.

பிடியில் ஒட்டப்படும் ரப்பர்ப் பூச்சு நம் ஊர் வெயிலுக்கும் கைவியர்வைக்கும் இரண்டு கோடைக்குள் பிசுபிசுத்துவிடுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். வெறும் வரி போட்ட பிளாஸ்டிக் பிடியே மேல்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பொருளை உழைக்கும்படி செய்தவர்கள் இருந்தார்கள். 1915-இல் டோக்கியோவில் உலோகக் கொல்லராக இருந்த ஹயகாவா தொகுஜி பித்தளை உறுப்புகளைக் கொண்டு ஒரு திருகு பென்சிலைச் செய்தார். உலோக உடல் குளிர்காலத்தில் கையில் சில்லிடும் என்று சொல்லி முதலில் கடைக்காரர்கள் அதைத் தட்டிக்கழித்தார்களாம். எவர் ரெடி ஷார்ப் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் பென்சிலால்தான் பிற்காலத்தில் அவருடைய மின்னணு நிறுவனத்துக்கு ஷார்ப் என்ற பெயர் வந்தது. 1923-ஆம் ஆண்டில் டோக்கியோவைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில் பென்சில் ஆலையை இழந்த பிறகு அவர் ஒசாகாவுக்குப் போய் வானொலிப் பெட்டி செய்யத் தொடங்கியது வேறு கதை. ஜப்பானியர் இன்றும் மெக்கானிக்கல் பென்சிலை ஷார்ப் பென்சில் என்றே அழைக்கிறார்கள்.

பிள்ளைகள் எப்படியும் தொலைத்துவிடுவார்கள், பத்து ரூபாய்ப் பென்சிலில் பித்தளையை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தொலைப்பது உண்மை. பத்து ரூபாய்ப் பென்சில் விற்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பது, ஐம்பது ரூபாய் என்று விலை போட்டு, உடலை மினுக்கி, உள்ளே அதே பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் கிளட்சை வைத்து விற்பதைத்தான் குறை சொல்கிறேன். என் பேத்தியின் மூன்றாவது பென்சில் அந்த ரகம். வாங்குபவருக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. பொட்டலமிட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி அட்டையின் பின்பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் தெரிவிக்கும் எண் எல்லாம் இருக்கின்றன. பொருளின் உயிர்நிலையான கிளட்ச் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று ஒரு சொல் இல்லை. அந்த ஒரு சொல்லை அச்சிட நிறுவனங்களுக்கு எந்தச் செலவும் ஆகப்போவதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் பென்சில்களுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. அடியோடு நீக்கப்பட்டது, அந்தச் சலுகையில் மெக்கானிக்கல் பென்சிலும் அடக்கம். வரி குறைந்ததில் ஒரு பங்கையாவது உள்ளுறுப்பில் போடலாமே என்று கேட்பது பேராசை ஆகாது. அதைவிட முக்கியமாக, மூக்குப் பகுதியையும் கிளட்சையும் தனியே விற்க வேண்டும். என் பேத்தியின் மூன்று பென்சில்களில் எதிலும் முழுப் பொருளும் கெடவில்லை. ஒவ்வொன்றிலும் விரல்நகம் அளவுள்ள ஒரே ஒரு உறுப்புதான் கெட்டது. பழுது பார்க்கும் உரிமை குறித்து ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தபோது விவசாயக் கருவிகள், கைப்பேசி போன்ற மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பென்சில் அந்த வரிசையில் வராது என்பது எனக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கான தடைப் பட்டியலிலும் அது வராது. ஆனால் மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகும் பொருளுக்கும் ஒருமுறை பயன்படுத்தும் பொருளுக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று குப்பைத் தொட்டியைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

அதுவரை பெற்றோர் கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் கேட்டு மூக்கைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். கழற்றவே முடியாமல் ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிடலாம். கழன்றால் உள்ளே தெரியும் இதழ்கள் மஞ்சளாக உலோகத்தின் மினுமினுப்போடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மூக்கைத் திரும்பத் திருகி, இரண்டு அமுக்கு அமுக்கி, தாளின்மேல் செங்குத்தாக வைத்துச் சற்று அழுத்துங்கள். லெட் உடையலாம், உள்ளே மட்டும் போகக் கூடாது. பொறியியல் கல்லூரி முதலாண்டு வரைபட வகுப்புக்கு மினி டிராஃப்டர் என்ற வரைகருவியோடு பென்சிலும் வாங்கும் மாணவர்களுக்கும் இதையே சொல்வேன்.

விரிசல் விட்ட அந்த முதல் பென்சிலுக்காக அட்டையில் இருந்த புகார் எண்ணை அழைத்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. பேசிய பெண் மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூக்குப் பகுதி மட்டும் போதும், பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னது அவருக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. உதிரியாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை, வேண்டுமானால் புதிய பென்சில் அனுப்புகிறோம் ஐயா என்றார். சொன்னபடியே பத்து நாளில் கூரியரில் வந்தது. உறையில் ஒட்டியிருந்த கூரியர்க் கட்டணம் பென்சிலின் விலையைப்போல இரண்டு மடங்கு. பிரித்துப் பார்த்தேன், அதே பிளாஸ்டிக் கிளட்ச். அதன் மூக்கைக் கழற்றிப் பழைய உடலில் பொருத்தினால் கச்சிதமாக உட்காருகிறது. பேத்தி இப்போது அதில்தான் எழுதுகிறாள். மூக்கில்லாத புதிய உடல் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.